15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி

கோலப் புத்தகங்களில் படத்துக்கு அடியில் இப்படி ஒரு வரி இருக்கும்: “15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி.” அவ்வளவுதான். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரிலோ பாகூரிலோ மார்கழி விடியலில் வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவுக் கிண்ணத்தோடு குனிகிற பெண்ணுக்கு இதற்குமேல் ஒரு சொல் வேண்டியதில்லை. நடுவில் 15 புள்ளி வைப்பாள். அதற்கு மேலே 14, அதற்கும் மேலே 13 என்று குறைத்துக்கொண்டே போய் 8இல் நிறுத்துவாள். கீழ்ப்பக்கமும் அப்படியே. ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உட்காரும். எழுந்து நின்று பார்த்தால் வாசலில் அறுகோணமாக 169 புள்ளிகள் இருக்கும்.

எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு குறைப்பது. கணினி நிரலில் ஒரு லூப் எழுத இந்த மூன்றும் தெரிந்தால் போதும். மூன்றும் அந்த ஒரே வரியில் இருக்கின்றன. ‘15’ தொடக்கம், ‘8 வரை’ முடிவு, ‘ஊடுபுள்ளி’ என்றால் ஒன்று ஒன்றாகக் குறை என்று அர்த்தம். இத்தனை சிக்கனமாக எழுதப்பட்ட ஒரு கட்டளை வரியைக் கணினிப் பாடப் புத்தகங்களில்கூட அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

கோடிங் சொல்லிக்கொடுக்கிறவர்கள் முதல் நாளில் தரும் வழக்கமான பயிற்சிகள்மேல் எனக்குக் குறையில்லை. திரையில் வணக்கம் சொல்ல வைப்பது, கணினி நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, சின்னதாக ஒரு கால்குலேட்டர் என்று எல்லாமே நல்ல பயிற்சிகள்தான். ஆனால் ஒரு கிராமத்துப் பிள்ளை முதன்முதலாக விசைப்பலகையில் கை வைக்கும்போது, விடை தப்பாக வந்தால் அது தப்பு என்று அவளுக்கே தெரிய வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அவளுடைய கண்ணோ காதோ வீடோ விடையை ஏற்கெனவே அறிந்திருக்கிற பயிற்சிதான் முதல் பயிற்சியாக இருக்கத் தகுந்தது. புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களில் அப்படிப்பட்ட பயிற்சிகள் வாசலிலும் வயலிலும் கிடக்கின்றன.

புள்ளி வைப்பதையே எடுத்துக்கொள்வோம். பைத்தான் என்ற நிரல்மொழியில் இதை எழுதப் பத்து வரிகூட வேண்டாம். ஒரு புள்ளி, ஒரு இடைவெளி என்று வரிசையை அச்சிட வேண்டும். வரிசை சுருங்கச் சுருங்க இடப்பக்கம் எத்தனை வெற்றிடம் விடுவது என்பதுதான் பிள்ளை யோசிக்க வேண்டிய இடம். 15 புள்ளி வரிசைக்கு வெற்றிடம் இல்லை. 14க்கு ஒன்று, 13க்கு இரண்டு, 8க்கு ஏழு. அதாவது 15இலிருந்து அந்த வரிசையின் புள்ளிகளைக் கழித்தால் வருகிற எண். இதைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த தப்பு. பைத்தானிடம் 15இலிருந்து 8 வரை ஒவ்வொன்றாகக் குறைத்து வா என்று எழுதினால், அது 9இலேயே நின்றுவிடும். முடிவு எண்ணைத் தொடாமல் நிற்பது அந்த மொழியின் வழக்கம். கோலக்காரியின் ‘8 வரை’யில் 8 உண்டு, பைத்தானின் ‘8 வரை’யில் 8 இல்லை. திரையில் வரும் கோலத்தில் மேலே ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையும் காணாமல் போய் 153 புள்ளிதான் இருக்கும். அம்மா எட்டிப் பார்த்தால் போதும். “என்னடி இது, எட்டு வரைன்னா ஒம்பதுல நிறுத்திட்ட?” கணினி படித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தடுக்கி விழும் ‘ஒன்று குறைந்த’ பிழையை, விசைப்பலகையைத் தொட்டறியாத ஒரு பெண் அடுப்படியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

இன்னொரு தப்பும் கட்டாயம் வரும். மேல்பாதியை 8இலிருந்து 15 வரைக்கும், கீழ்ப்பாதியை 15இலிருந்து 8 வரைக்கும் தனித்தனியாக எழுதுகிற பிள்ளைக்கு நடு வரிசை இரண்டு முறை விழும். 169க்குப் பதில் 184 புள்ளி. கோலம் இடுப்பில் தடித்துத் தெரியும். எண்ணிப் பார்க்காமலே கண்ணுக்கு உறுத்தும். இவ்வளவு நேர்மையாகத் தப்பைக் காட்டிக்கொடுக்கும் பயிற்சியை வேண்டுமென்றே வடிவமைக்க முயன்றாலும் எளிதில் அமையாது.

இதே நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பார்க்கலாம். ஒன்று ஒன்றாகக் குறைப்பதற்குப் பதிலாக இரண்டு இரண்டாகக் குறைத்தால் புள்ளிகள் சந்தில் விழாமல் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக நிற்கும். ஊடுபுள்ளி நேர்ப்புள்ளியாகிவிடும். ‘7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி’ என்றால் 7, 5, 3, 1 என்று இரு பக்கமும் குறைந்து 25 புள்ளி. வெற்றிடக் கணக்கு மாறவில்லை. பெரிய வரிசையிலிருந்து இந்த வரிசையைக் கழிக்கும் அதே சூத்திரம். வீட்டில் இருவகைக் கோலங்களாகப் பழகியவை நிரலுக்குள் ஓர் எண்ணின் வேறுபாடாக அடங்குகின்றன. ஒரு சின்ன எச்சரிக்கை: எல்லா எழுத்தும் ஒரே அகலம் பிடிக்கும் எழுத்துருவில்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெற்றிடம் புள்ளியைவிடக் குறுகிப்போய்க் கோலம் ஒருபக்கமாகச் சாயும்.

புள்ளி வைத்தாயிற்று. இனி புள்ளிகளைச் சுற்றிக் கம்பி, அதாவது கோடு, இழுக்க வேண்டும். அதற்கு ஓர் ஆமை துணைக்கு வரும்.

1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபூர்செய்க், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்று லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் ஆமை ஒன்று உண்டு. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்றால் கேட்கும். போன வழியெல்லாம் கோடு இழுக்கும். அந்த ஆமை இன்று பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. பேப்பர்ட் 1980இல் வெளியிட்ட ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் வலியுறுத்துகிற யோசனை எளியது: ஆமை எப்படிப் போக வேண்டும் என்று தெரியாவிட்டால், நீயே ஆமையாகி நடந்து பார்.

நடந்து பார்க்க ஏற்ற ஒரு சிக்குக் கோலத்தைச் சொல்கிறேன். ‘3 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி’. ஐந்தே புள்ளிகள்: மேலே ஒன்று, நடுவில் மூன்று, கீழே ஒன்று. ஐந்தையும் ஒரே கம்பி சுற்றி வர வேண்டும். வாசல் தரையில் நின்றுகொண்டு இப்படி நடக்கலாம். ஓரடி முன்னே, வலப்பக்கம் திரும்பு. மூன்றடி முன்னே, வலப்பக்கம் திரும்பு. ஓரடி முன்னே, வலப்பக்கம் திரும்பு. இதையே நான்கு முறை. முடிந்தது. புறப்பட்ட இடத்துக்கே, புறப்பட்ட திசையைப் பார்த்தபடியே வந்து நிற்போம். நடந்தது 20 அடி. திரும்பியது 12 முறை, அதாவது மூன்று முழுச் சுற்று. இடப்பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கம்பி தன்னைத்தானே நான்கு இடத்தில் வெட்டிக்கொண்டு போயிருக்கும். சதுரமாக வந்த படத்தை 45 பாகை சாய்த்துப் பார்த்தால் நம் வீட்டு வாசலின் ஐந்து புள்ளிக் கோலம்.

ஒரு தாளில் பென்சிலால் போட்டுப் பாருங்கள். இந்தக் கோலத்தின் நயம் அப்போதுதான் பிடிபடும். அடிகளின் கணக்கு 1, 3, 1. புள்ளி வரிசைகளின் கணக்கும் 1, 3, 1. நடு எண்ணை மட்டும் 2 என்று மாற்றினால் கம்பி அப்போதும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்துவிடும், ஆனால் நான்கு கட்டம் கொண்ட ஒரு சதுரம்தான் கிடைக்கும். நடுப்புள்ளி உட்கார இடமே இருக்காது; போன கோட்டின் மேலேயே மறுபடி போயிருப்போம். 5 என்று மாற்றினால் நடு அறை பெருத்து ஓரத்து அறைகள் சிறுத்துத் தெரியும். நடு அறையின் பக்கம் எப்போதும் அந்த நடு எண்ணில் இரண்டு குறைவு. 3 என்று வைத்தால் மட்டுமே ஐந்து புள்ளிகளுக்கும் ஒரே அளவு அறை. பிள்ளைகள் எண்ணை மாற்றி மாற்றி விளையாடும்போது, 3 ஏன் அழகாக இருக்கிறது என்பதற்கான காரணம் தானாகவே கைக்கு வந்துவிடும். திருப்பம் 12 இருக்கிறதல்லவா, அவை ஓரப்புள்ளி நான்கையும் சுற்றி மும்மூன்றாகப் பிரிந்திருக்கும். அந்தத் திருப்பங்களைக் கூர்மையாக விடாமல் வளைத்துவிட்டால் கோலமாவில் இழுத்த நெளிவு திரையிலும் வந்துவிடும்.

கோலத்துக்குள் நிரல் இருக்கிறது என்பது நான் இன்று கண்டுபிடித்த விஷயமில்லை. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சின்ன வடிவத்திலிருந்து விதிப்படி அடுத்த பெரிய வடிவத்தைப் பிறப்பிக்கும் இலக்கணங்களாகக் கோலங்களை எழுதிக் காட்டிய வேலை அது. கணினிப் பட இலக்கணம் என்ற துறையே அப்போது இளசு. தமிழ்நாட்டு வாசல்களிலிருந்து அந்தத் துறைக்குச் சரக்கு போயிற்று. அந்த வரிசை ஆய்வுகளில் கிருஷ்ணரின் கொலுசு என்ற பெயரோடு வரும் கோலக் குடும்பத்தில் நாம் மேலே நடந்த ஐந்து புள்ளிக் கோலமும் சேரும். முதல் வடிவம் நான்கடிச் சதுரம். அடுத்தது 20 அடி. அதற்கடுத்தது 84, பிறகு 340. ஒவ்வொன்றும் முந்தையதன் நான்கு மடங்கோடு நான்கு. செடிகள் கிளைவிடுவதைக் கணினியில் வரைந்து காட்டிய ஆராய்ச்சியாளர்களும் பின்னாளில் இதே கொலுசைத் தங்கள் எடுத்துக்காட்டுகளில் சேர்த்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் தேறிய பிள்ளைகளுக்கு இன்னும் சுவையான ஒன்று இருக்கிறது. நேர்ப்புள்ளியைச் செவ்வகமாக வைத்து, எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பும்படி கம்பி இழுத்தால், ஒரே கம்பியில் முடியுமா? கோலம் போடுகிற எந்தப் பெண்ணும் கேட்கிற கேள்விதான் இது. 3க்கு 5 வைத்தால் ஒரே கம்பி. 4க்கு 6 வைத்தால் இரண்டு. 4க்கு 4 வைத்தால் நான்கு. ஆறாம் வகுப்பில் படித்த மீப்பெரு பொதுக் காரணிதான் கம்பிகளின் எண்ணிக்கை. அதைக் கண்டுபிடிக்கும் யூக்ளிடின் முறையை ஐந்து வரியில் எழுதிவிடலாம்: பெரியதைச் சின்னதால் வகுத்து மீதியை எடு, பழைய சின்னதை அந்த மீதியால் வகு, மீதி சுழியாகும்வரை தொடர். 6ஐ 4ஆல் வகுத்தால் மீதி 2; 4ஐ 2ஆல் வகுத்தால் மீதி இல்லை; விடை 2. கணக்குப் புத்தகத்தில் ஈரமில்லாமல் கிடந்த ஒரு பாடம் வாசலில் இரண்டு வண்ணக் கம்பிகளாக ஓடுவதைப் பார்க்கிற பிள்ளை அதைப் பிறகு மறக்கப் போவதில்லை.

4க்கு 4 கோலத்தில் நான்கு கம்பி வந்துவிட்டது. அதை ஒன்றாக்க வேண்டுமே? கைதேர்ந்தவள் கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒன்றைப் பிரித்து, குறுக்கே போகிற இரண்டு கோட்டையும் இரண்டு வளைவாக்கிவிடுவாள். அந்த இடத்தில் சந்தித்த இரண்டு கம்பியும் ஒன்றாகிவிடும். அப்படிச் சரியான மூன்று இடத்தில் செய்தால் நான்கும் ஒன்று. இந்தக் கோலத்தில் வெட்டும் இடங்கள் 24. ஒவ்வொரு ஜோடிக் கம்பியும் நான்கு இடத்தில் வெட்டும், ஜோடிகள் ஆறு. 24இல் மூன்றைத் தேர்ந்தெடுக்க 2024 வழிகள் உண்டு. அத்தனையையும் நிரலை விட்டுப் பார்க்கச் சொன்னால், சரியாக 1024 வழிகளில் கோலம் ஒரே கம்பியாகும். மீதி 1000 வழிகளில் ஆகாது. இத்தனை உருண்டையான எண்கள் ஒரு சின்னக் கோலத்துக்குள்ளிருந்து வெளியே வரும் என்று முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

கோலத்தைக் கண் திருத்தும். காது திருத்துகிற ஒரு பயிற்சிக்கு வில்லியனூரின் வரலாற்றிலேயே வித்து இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் கிராமம் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் மையம் வில்லியனூரில் இருந்தது. சுற்றுவட்டாரத்து ஊர்களில் தகவல் நிலையங்கள். ஏம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே நிலையம். சூரிய ஒளி மின்சாரமும் கம்பியில்லாத் தொடர்பும் துணை. உள்ளூர்ப் பெண்கள் பலர் தன்னார்வலர்களாக அவற்றை நடத்தினார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, கடலோரத்து வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2001இல் ஸ்டாக்ஹோம் சவால் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

அலை உயரத்தை வாங்கிக்கொண்டு, எல்லை தாண்டினால் எச்சரிக்கும் நிரல், நிரலில் நிபந்தனை எழுத முதன்முதலாகக் கற்றுக்கொள்ள ஏற்ற பயிற்சி. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் இதைத் தமிழிலேயே எழுதலாம். அந்த மொழியைப் பற்றிய அவருடைய கட்டுரை 2009இல் வந்தது.

@( அலை > எல்லை ) ஆனால்
பதிப்பி "இன்று கடலுக்குப் போக வேண்டாம்"
இல்லை
பதிப்பி "அலை அமைதியாக இருக்கிறது"
முடி

நிபந்தனை முதலில் வருகிறது, ‘ஆனால்’ அதற்குப் பின்னால் நிற்கிறது. மழை பெய்தால், அலை உயர்ந்தால் என்று நாம் பேசுகிற வரிசையே நிரலின் வரிசையாகவும் இருக்கிறது. எழிலை வடிவமைத்தவரின் காது கூர்மையானது என்பதற்கு இந்த ஓரிடம் போதும்.

இனிதான் சுவை. அலை 1.5 மீட்டர் என்று எண் வருகிறது. ஒலிபெருக்கியில் ‘ஒன்று புள்ளி ஐந்து’ என்று சொன்னால் காதுக்கு ஒட்டாது. ஒன்றரை என்று சொல்ல வேண்டும். 2.5 என்றால் இரண்டரை, 3.25 என்றால் மூன்றேகால். இதைச் செய்யும் நிரலை எழுதச் சொன்னால் பிள்ளைகள் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக அரைகளையும் கால்களையும் எழுதி அடுக்கத் தொடங்குவார்கள். அங்கே நிறுத்தி, கடைசி எழுத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பத்துச் சொற்களும் உகரத்தில் முடிகின்றன.

கணினிக்குள் ‘ஒன்று’ என்பது நாம் எண்ணுகிற மூன்று எழுத்து இல்லை. ஒ, ன, மேலிருக்கும் புள்ளி, ற, கடைசியில் உகரக் குறி என்று ஐந்து துண்டு. சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். பிள்ளை மறுபடி மறுபடி விரல்விட்டு எண்ணிப் பார்ப்பாள். அந்த ஐந்தாவது துண்டை மட்டும் வெட்டிவிட்டு ‘ரை’ என்று ஒட்டினால் ஒன்றரை. இரண்டு இரண்டரையாகும், நான்கு நான்கரையாகும், ஏழு ஏழரையாகும். பத்துக்குப் பத்தும் ஒரே விதியில் சரியாக வந்து விழும். வெட்டிய இடத்தில் ஏகாரக் குறியை வைத்துக் ‘கால்’ சேர்த்தால் ஒன்றேகால், இரண்டேகால். ‘முக்கால்’ சேர்த்தால் பத்தேமுக்கால். சொல்லின் கடைசியில் ஒட்டிய அந்தக் கொம்பு திரையில் எழுத்துக்கு முன்னால் தாவிப் போய் நிற்பதைப் பார்க்கும்போது, கையெழுத்தில் நாம் எழுதும் வரிசை வேறு, கணினி நினைவில் வைத்துக்கொள்ளும் வரிசை வேறு என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும்.

பதினொன்று, பன்னிரண்டு, இருபது எல்லாம் இதே விதிக்குக் கட்டுப்படும். ஆயிரத்தில் விதி உடையும், அது மகரத்தில் முடிவதால். 0.5 வந்தாலும் உடையும், வெறும் ‘அரை’ என்றுதான் சொல்ல முடியும். இந்த விதிவிலக்குகளைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். நிரல் ‘சுழரை’ என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். பஸ் நேரத்தை இந்த நிரலிடம் கொடுத்து ஒன்பதரை பஸ், பத்தேமுக்கால் பஸ் என்று சொல்ல வைப்பது அடுத்த பயிற்சி. ஊரில் எவரும் ‘ஒன்பது முப்பது பஸ்’ என்று சொல்வதில்லை.

பாகூர்ப் பக்கம் போனால் வயல்தான். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று அந்தக் கொம்யூனைச் சொல்வார்கள். தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. கல்விக்கென்று நிலம் கொடுத்த பழைய கணக்கும் இந்த ஊருக்கு உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த வித்யாஸ்தானம் ஒன்றுக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. நிலத்தையும் படிப்பையும் சேர்த்து நினைக்கிற பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

இங்கே வீட்டில் கேட்டால் நிலத்தைக் குழியில் சொல்வார்கள். புதுச்சேரிக் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. 57,600 சதுர அடி. சென்னையில் மனை விற்கிறவர்கள் சொல்லும் கிரவுண்டு 2400 சதுர அடி. 24 கிரவுண்டு சேர்ந்தாலும் இதே காணிதான். தமிழ்நாட்டில் பல இடங்களில் குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நம் குழியில் சரியாகக் கால் பங்கு. பாகூர் கொம்யூனின் எல்லையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். ஆகவே குழியைச் சதுர அடியாக மாற்றும் நிரல், எண்ணை வாங்குவதற்கு முன்னால் எந்த ஊர்க் குழி என்று கேட்க வேண்டும். உள்ளீடு என்றால் எண் மட்டும்தான் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, அந்த எண் எந்த மண்ணிலிருந்து வருகிறது என்பதும் உள்ளீடுதான் என்று இங்கே தெரியவரும்.

பத்திரத்தில் மறுபடி வேறு அளவு. பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று மூன்று பத்தியில் எழுதுவார்கள். ஒரு ஹெக்டேருக்கு 100 ஆர், ஒரு ஆருக்கு 100 சென்டியார், ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். வகுத்தல், மீதி இரண்டையும் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சதுர மீட்டரை 10,000ஆல் வகுத்தால் ஹெக்டேர். மீதியை 100ஆல் வகுத்தால் ஆர். அதிலும் மீதி சென்டியார். தாத்தாவின் 250 குழியை நிரலிடம் கொடுத்தால் 1 ஹெக்டேர் 33 ஆர் 78 சென்டியார் என்று வர வேண்டும். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒப்பிடும்போது சிலருக்கு 78க்குப் பதில் 75 வரும். ஒரு குழிக்கு 53.51215 சதுர மீட்டர் என்று நீளமாக எழுதச் சோம்பிப்போய் 53.5 என்று எழுதியிருப்பார்கள். ஒரு குழியில் அது உள்ளங்கை அளவு. 250 குழியில் மூன்று சதுர மீட்டர், ஒரு கயிற்றுக் கட்டில் போடும் இடம். வரப்பு ஒரு சாண் நகர்ந்ததற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உள்ள ஊரில் அந்த மூன்று சதுர மீட்டரை ஏன் விடக் கூடாது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. எண்ணைக் கடைசி வரை முழுசாக வைத்திருந்து, சென்டியாரைப் பதிக்கும் வரியில் மட்டும் முழு எண்ணாக்கும்படி நிரலைத் திருத்தி எழுதிவிடுவார்கள்.